டீ குடிப்போருக்கு நாக்கு இல்லையா?

பொழுது விடிய இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது. ஊர் உறங்குகிறது. ஆனால், பஸ் நிலையத்தின் ஓரத்தில் உள்ள டீக்கடை விழித்துக்கொண்டு விட்டது. பாய்லரில் இருந்து ஆவி கிளம்புகிறது. பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேப்பர் கட்டு இப்போதுதான் வந்து இறங்கியது. ஒருவர் உரக்கப் படிக்கிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள்.

"மாஸ்டர், ஸ்டிராங்கா ஒண்ணு!"

"எனக்குச் சர்க்கரை கம்மி!"

"அண்ணே, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடுங்க!"

"பெரியவருக்கு நல்லா ஆத்திக் கொடுப்பா!"

ஒவ்வொருவருக்கும் ஒரு ருசி. அது அத்தனையும் மாஸ்டருக்கு மனப்பாடம். தினமும் வருகிறவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை. ஆளைக் கண்டதுமே கை தானாக வேலை செய்கிறது.

பால் தண்ணீராக இருந்தால் சண்டை வருகிறது. சர்க்கரை கூடினால் கிளாஸ் திரும்பி வருகிறது. ஆனால், ஒரே ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. "இது எந்த ஊர்த் தூள்?" என்பதே அந்தக் கேள்வி.

காப்பிக்கு ஒரு நீதி

காப்பி விஷயத்தில் இப்படி இல்லை.

காப்பிக்கொட்டை அரைக்கும் கடையில் ஓர் அம்மாள் நிற்பதைப் பாருங்கள். "பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி. சிக்கரி கொஞ்சமாகப் போதும். வறுவல் கறுக்கக் கூடாது" என்கிறார். கண் எதிரே அரைத்து வாங்குகிறார். பொட்டலம் வீட்டுக்கு வரும்வரை அதன் சூடு ஆறுவதில்லை. கடைக்காரர் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டி விட்டால், மறுநாள் காலை முதல் வாயிலேயே கண்டுபிடித்து விடுவார்.

அதே அம்மாள் மாலையில் டீ போடுவதும் உண்டு. அதற்காக மளிகைப் பட்டியலில் அவர் எழுதுவது என்ன? "டீத்தூள் - கால் கிலோ." அவ்வளவுதான்!

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கிலோ தேயிலை விளைகிறது. அதில் நூற்றுக்கு 80 பங்கை இந்நாட்டு மக்களே குடித்து விடுகிறார்கள். ஆகவே, இந்தியத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கைக்காரர் லண்டனிலும் இல்லை, ரஷியாவிலும் இல்லை. அந்த டீக்கடைப் பெஞ்சில்தான் இருக்கிறார். அவர் வாய் திறவாமல் இருப்பதால் ஒரு மலை முழுவதும் கஷ்டப்படுகிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

இலவசமாக வந்த பழக்கம்

டீ இந்த நாட்டு வீட்டுப் பழக்கம் அல்ல. அஸ்ஸாம் மலைவாசிகளுக்குத் தேயிலைச் செடி முன்பே தெரியும். ஆங்கிலேயர் அங்கே அதைக் கண்டது 1823-ஆம் ஆண்டில். அஸ்ஸாம் தேயிலை 1839-ல் லண்டனில் ஏலம் போயிற்று. 1850-களுக்குப் பிறகு நீலகிரியிலும் தோட்டங்கள் எழுந்தன. ஆனால், விளைந்தது எல்லாம் கப்பல் ஏறியது. விளைந்த நாட்டில் அதைக் குடிப்பார் இல்லை!

1930-களில் உலகச் சந்தையில் தேயிலை விலை சரிந்தது. உடனே தோட்ட முதலாளிகளின் பார்வை உள்நாட்டின் மீது விழுந்தது. ஊர் ஊராக ஆட்கள் போனார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் டீயை இலவசமாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். ரெயில் நிலையங்களில், டீ போடுவது எப்படி என்று எனாமல் பலகைகளில் படம் எழுதி மாட்டினார்கள். காந்தியடிகள் போன்றவர்கள் 'இது வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தார்கள். பழக்கம் நிற்கவில்லை.

தமிழ் நாட்டில் வசதியுள்ள வீடுகளில் காப்பி முன்பே குடியேறி விட்டது. டீ, உழைப்பாளியின் பானமாக வந்து சேர்ந்தது. நல்ல இலை வெளிநாட்டுக்குப் போக, சல்லடையில் கடைசியாக இறங்கும் தூள் இங்கே தங்கியது. அதில் ஒரு வசதியும் இருந்தது. தூளில் சாயம் விரைவில் இறங்கும். ஒரு கிலோவுக்கு அதிகக் கிளாஸ் வரும். பாலையும் சர்க்கரையையும் அது தாங்கும். ஆகவே, 'டீ என்றால் நிறம்' என்பது இங்கே சட்டமாகி விட்டது.

'தேயிலை' என்ற சொல்லிலேயே ஒரு கதை உண்டு. சீனாவின் பூக்கியன் மாகாணக் கரையில் அதன் பெயர் 'தே'. கடல் வழியாகப் போன இடங்களுக்கு அந்தப் பெயர் போயிற்று. வேறு வழிகளில் போன இடங்களுக்கு 'சா' என்ற பெயர் போயிற்று. தமிழன் 'தே'யுடன் இலையைச் சேர்த்துக் கொண்டான். பக்கத்து வீட்டு மலையாளி 'சாயா' என்கிறான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் பெயர் மாறி விடுகிறது!

ஒரே செடி

பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை என்று கடையில் பல பெயர்கள் இருக்கின்றன. இவை வெவ்வேறு செடிகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எல்லாம் ஒரே இனச் செடிதான். பறித்த பிறகு செய்யும் வேலையில்தான் வித்தியாசம்.

நறுக்கிய வாழைக்காயைக் காற்றில் வைத்தால் கறுத்துப் போகிறது அல்லவா? நசுக்கிய தேயிலையும் அப்படித்தான். கறுக்க விடாமல் உடனே சூடு காட்டி நிறுத்தினால் பச்சைத் தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலாங். முழுவதும் விட்டால் தாமிர நிறம் வந்து, பிறகு உலர்த்தும்போது கறுப்புத் தேயிலை ஆகிறது.

கறுப்புத் தேயிலையிலும் இரண்டு வகை உண்டு. இலையை உருட்டி முறுக்கிச் செய்வது பழைய முறை. இதற்கு 'ஆர்த்தடாக்ஸ்' என்று பெயர். பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையைக் கொடுத்து, வெட்டிக் கிழித்துச் சுருட்டுவது 'சி.டி.சி.' முறை. 1930-ஆம் ஆண்டு வாக்கில் அஸ்ஸாமில் இந்த யந்திரம் பிறந்தது. டீக்கடையில் கொதிக்கும் குருணை இதில் வருவதுதான். சி.டி.சி. மட்டம் என்று சொல்லி விட முடியாது. நல்ல கொழுந்தைப் போட்டால் நல்ல சி.டி.சி. வரும். முற்றிய இலையைப் போட்டால்? அதையும் இந்த யந்திரம் குருணை ஆக்கி விடும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நாக்குக்குத்தான் தெரியும்.

குன்னூர் நாக்கு

அந்த நாக்கை வைத்தே பிழைப்பவர்கள் உண்டு.

குன்னூரில் 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. இப்போது ஏலம் கம்ப்யூட்டரில் நடந்தாலும், அதற்கு முன் ஒருவர் வாயில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் யந்திரம் வரவில்லை.

நீளமான மேஜை. அதன்மேல் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி போட்ட குவளை. ஒவ்வொரு குவளையிலும் நிறுத்துப் போட்ட தேயிலை. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் என்பது உலகக் கணக்கு. (ஒரு காலத்தில் ஆறு பென்னி நாணயத்தைத் தராசில் வைத்து நிறுத்தார்கள்!) கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஐந்தாறு நிமிஷம் மூடி வைத்து, பிறகு கிண்ணத்தில் வடிக்கிறார்கள். வெந்த இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள்.

ருசி பார்ப்பவர் வருகிறார். முதலில் காய்ந்த தூளைப் பார்க்கிறார். பிறகு வெந்த இலையின் நிறத்தையும் மணத்தையும் பார்க்கிறார். பிறகு ஒரு கரண்டி எடுத்து, 'சர்ர்ர்' என்று சத்தம் வரும்படி உறிஞ்சுகிறார். வீட்டில் குழந்தை இப்படிக் குடித்தால் அடி விழும்! இங்கே இதுதான் வேலை. காற்றோடு சேர்ந்து உள்ளே போகும்போது, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்குக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரிகிறது. அடுத்த விநாடி துப்பி விட்டு, அடுத்த கிண்ணத்துக்குப் போய் விடுகிறார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். விழுங்கினால் ஆள் தாங்க மாட்டார்.

இலை முற்றியதா, சாக்கில் அடைபட்டுச் சூடேறியதா, உலர்த்தும்போது தீய்ந்ததா, ஈரம் பட்டதா - எல்லாம் அந்த ஒரு மிடறில் தெரிந்து விடும். தூளின் விலையை வாங்குபவர் நினைத்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

மலையில் நடப்பது

ஒரு கிலோ டீத்தூள் செய்யச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று விரலால் கிள்ளினால் அது நல்ல கொழுந்து. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மழையிலும் பனியிலும் அட்டைக் கடியிலும் நின்று பறிக்கிறார்கள். இப்போது ஆள் கிடைக்காததால் கத்தரியும் யந்திரமும் வந்து விட்டன. கத்தரிக்குக் கண் இல்லை. கொழுந்தோடு முற்றிய இலையும் காம்பும் சேர்ந்தே கூடைக்குள் விழுகின்றன.

நீலகிரியில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இவர்களுக்குச் சொந்த ஆலை கிடையாது. பச்சை இலையாகவே விற்கிறார்கள். 1990-களின் இறுதியில் விலை விழுந்தபோது இவர்கள் பட்ட பாடு மலைக்கே தெரியும். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்து வந்ததோ அதற்கு எவ்வளவோ கீழே.

விலை குறைவதற்குக் காரணம் பல உண்டு. உற்பத்தி மிகுதி ஒன்று. பழைய சோவியத் யூனியன் 1991-ல் கலைந்த பிறகு, நிச்சயமான ஒரு பெரிய சந்தை போனது இன்னொன்று. ஆனால், மற்றொரு காரணத்தைப் பலரும் பேசுவது இல்லை.

"நல்ல கொழுந்தாகப் பறித்து வாருங்கள்" என்று விவசாயியிடம் சொன்னால், அவர் என்ன பதில் சொல்கிறார்? "கிள்ளிப் பறித்தால் கூலி இரட்டிப்பு. எடை பாதி. ஆலையில் விலை ஒன்றுதானே?" என்கிறார். ஆலைக்காரரைக் கேட்டால், "நல்லதுக்கு ஏலத்தில் தனி விலை எங்கே கிடைக்கிறது?" என்கிறார். வியாபாரியைக் கேட்டால், "டீக்கடைக்காரர் நிறம்தான் கேட்கிறார்" என்கிறார். டீக்கடைக்காரரைக் கேட்டால், பெஞ்சைக் காட்டுகிறார்! பெஞ்சில் இருப்பவர் ஸ்டிராங்காக ஒரு டீ கேட்டு விட்டுப் பேப்பரைப் புரட்டுகிறார்.

நிறம் கேட்கிறவருக்கு நிறம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். குடித்து எறிந்த தூளை உலர்த்தி, சாயம் ஏற்றி விற்பவர்கள் பிடிபட்ட செய்தி இதே பேப்பரில் எத்தனை முறை வந்திருக்கிறது! ருசி தெரிந்தவனிடம் இந்த வியாபாரம் நடக்குமா?

தேயிலையும் தமிழரும்

இதில் தமிழ் மக்களுக்கு மற்றவர்களைவிட அதிக அக்கறை இருக்க வேண்டும். காரணம் உண்டு.

இலங்கையில் 1867-ல் லூல்கந்துர என்ற தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்தன. காப்பி போன இடம் எல்லாம் தேயிலை ஆயிற்று. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளில் இருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' அந்தத் தேயிலை மலையின் கதைதான். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல், வால்பாறைப் பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் 1969-ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்திருக்கிறது.

1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டது. பல லட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட முடிவாயிற்று. தாய்நாடு என்று சொல்லப்பட்டது; வந்தவர்களில் பலர் அதற்கு முன் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பின்னர் 'டான்டீ' ஆனது. அங்கே கொழுந்து பறித்த கைகள், கண்டிச் சீமையில் கொழுந்து பறித்த அதே கைகள்.

ருசித்தவர்கள்

சீனாவில் 8-ஆம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இலையைப் பற்றி மட்டும் அல்ல, தண்ணீரைப் பற்றியும் எழுதினார். மலை ஊற்று நீர் முதல் தரம். ஆற்று நீர் இரண்டாம் தரம். கிணற்று நீர் கடைசி. இஞ்சி முதலியவற்றைப் போட்டு டீயைக் கொதிக்க வைப்பது அவருக்கு அறவே பிடிக்காது. அவர் இன்று மதுரைப் பக்கம் வந்தால் மனம் நொந்து போவார்! ஆனால், இஞ்சி டீயை அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. மழை நாளில் அதற்கு ஈடு எது?

சீனாவின் சாவ்ஜோ பகுதியில் கைக்குள் அடங்கும் குவளையில் நிறைய இலை போட்டு, ஒரே இலையில் பலமுறை வடித்து, எலுமிச்சம்பழ அளவுக் கிண்ணங்களில் குடிக்கிறார்கள். முதல் வடிப்புக்கு ஒரு ருசி, மூன்றாவதுக்கு ஒரு ருசி என்று பேசிக்கொள்வார்கள். காஷ்மீரத்தில் உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீ. திபேத்தில் வெண்ணெய் டீ. மொராக்கோவில் புதினா டீயை ஒரு முழம் உயரத்தில் இருந்து ஊற்றுகிறார்கள். ஆற்றுவதில் அவர்களும் கெட்டிக்காரர்கள்தான்.

டார்ஜிலிங் சேதி வேடிக்கையானது. அங்கே கோடையில் பறிக்கும் தேயிலையில் ஒரு வகைத் திராட்சை மணம் வரும். அதற்கு உலகமே பணத்தைக் கொட்டுகிறது. அந்த மணத்துக்குத் துணை செய்வது யார் தெரியுமா? இலையைக் கடிக்கும் ஒரு சிறு பச்சைப் பூச்சி! கடிபட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பதில் அந்த வாசனை பிறக்கிறது.

வீட்டில் ஒரு பரீட்சை

தாய்மார்கள் இதற்காகக் குன்னூர் போக வேண்டாம்.

அடுத்த முறை ஒரே தூளைக் கால் கிலோ வாங்குவதற்குப் பதில், இரண்டு வகைத் தூளில் ஐம்பது ஐம்பது கிராம் வாங்குங்கள். இரண்டு டம்ளரில் ஒவ்வொரு சிறு கரண்டி போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். பால் வேண்டாம். சர்க்கரையும் வேண்டாம். வடித்து, சூடு தணிந்ததும் உறிஞ்சிப் பாருங்கள். ஒன்று நாக்கைச் சுருக்கி, சுறுசுறு என்று இருக்கும். இன்னொன்று வைக்கோல் தண்ணீர் மாதிரி இருக்கும். பிறகு பால் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் கூப்பிட்டு, எது எந்தத் தூள் என்று சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். விலை கூடியதுதான் ஜெயிக்கும் என்று எண்ண வேண்டாம். பல வீடுகளில் விலை குறைந்ததே ஜெயிக்கும். அதுவும் லாபம்தானே!

சாயத் தூளைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. வடிகட்டும் காகிதத்தில் கொஞ்சம் தூளைப் பரப்பி, சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சற்று நேரம் கழித்துக் காகிதத்தைக் குழாயில் அலசி, வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தமான நிறக்கறை தங்கி இருந்தால் அந்தத் தூள் வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது கூடாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்காமல் தேயிலையின் துவர்ப்பு தடுத்து விடுகிறது. 2019-21-ல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்குப்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தச் சோகை. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஏழைக்கு ருசி எதற்கு?

இப்படியும் சிலர் கேட்பார்கள். "பசிக்குக் குடிக்கிறவனுக்கு எந்த ஊர்த் தூளாக இருந்தால் என்ன?" என்பார்கள். இது சரியல்ல. அரிசியில் கல் இருந்தால் ஏழை சும்மா இருப்பதில்லை. மீன் கெட்டிருந்தால் செவுளைத் தூக்கிப் பார்த்து விட்டுத்தான் வாங்குகிறாள். டீயிலும் அந்த உரிமை அவளுக்கு உண்டு.

நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் கூட்டமைப்பு 1965-ல் ஏற்பட்டது. அந்த ஆலைகளின் 'ஊட்டி டீ' ரேஷன் கடைகளில் விற்கப்படுகிறது. விவசாயிக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் நடுவே இதைவிட நேரான வழி கிடையாது. ஆனால், பல இடங்களில் அந்தப் பொட்டலத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்ற குறை இருக்கிறது. கேட்கும்படி செய்வது கஷ்டம் அல்ல. நல்ல கொழுந்து கொண்டு வரும் விவசாயிக்குக் கூட்டுறவு ஆலைகளாவது தனி விலை கொடுக்க வேண்டும். எந்த ஆலை, எந்த மாதம் செய்தது என்பதைப் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பாட்டியும் அதைப் படிக்க முடிய வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ரேஷன் கடை வாசலில் ஒரு பாய்லரை வைத்து, வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கு அரை டம்ளர் கொடுத்துப் பார்க்கட்டும். அன்று முதலாளிகள் செய்ததை இன்று கூட்டுறவு செய்தால் என்ன?

வாங்கிய தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கு எட்ட வைக்கவும். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்கு அருகே மட்டும் வைத்து விடாதீர்கள்.